பட்டா அண்ணன் பேரில் மாறிவிட்டது, இனி எனக்குப் பங்கு உண்டா?

கொங்குப் பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்து, இப்போது பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் 57 வயது வாசகி நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய அப்பா சம்சாரி, அதாவது விவசாயி. 2021-ல் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்றது கிணற்றுப் பாசனத்தில் 3 ஏக்கர் 60 சென்ட் தோட்டம், 1996-ல் தானே கிரயம் வாங்கிய 2 ஏக்கர் 40 சென்ட் மானாவாரிக் காடு, நத்தத்தில் ஓட்டு வீடு, இரண்டு எருமைகள், கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு பயிர்க்கடன். தோட்டம் ‘1979-ல் அப்பாரு எழுதிக்கொடுத்தது’ என்கிறார். அப்பாரு என்பது அப்பாவின் அப்பா. வீட்டில் அம்மா இருக்கிறார், அண்ணன் இருக்கிறார். தம்பி 2014-ல் விபத்தில் போய்விட்டார். தம்பி மனைவி 14 வயது மகனோடு தாய்வீட்டில் இருக்கிறார். வாசகிக்கு 1988 தை மாதம் கல்யாணம். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறெதையோ சொல்லும்போது ஒரு வரி வருகிறது: ‘96 வயசு ஆத்தாவையும் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார்.’ ஆத்தா என்பது அப்பாவைப் பெற்றவர். அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

2022-ல் பட்டா முழுக்க அண்ணன் பெயருக்குப் போய்விட்டது. அண்ணன் சொல்வது: “உனக்கு 89-க்கு முன்னாடியே கல்யாணம் முடிஞ்சுது, பூர்வீகத்துல பாத்தியம் கிடையாது. 35 பவுன் போட்டுச் சீரும் செஞ்சாச்சு. 98-லயே அப்பா எனக்கும் தம்பிக்கும் கூர்ச்சீட்டு எழுதிப் பிரிச்சுக் கொடுத்தாச்சு. போதாததுக்கு உயிலும் இருக்குது.” கூர்ச்சீட்டு என்பது பாகம் பிரித்ததைப் பதிவு செய்யாமல் தாளில் எழுதிவைப்பது. அந்த உயிலை யாருக்கும் காட்டவில்லை. இப்போது 5 லட்சம் தருகிறேன், பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்கிறார். அம்மாவோ, “நீ ஒண்ணும் கவலைப்படாத, எல்லாத்தையும் உம்பேருக்கே எழுதி வெச்சுடறேன்” என்கிறார்.

வாசகியின் கேள்விகள் மூன்று. பட்டாவே மாறிய பிறகு பேசிப் பயன் உண்டா? மூன்றில் ஒரு பங்கு தனக்கு வருமா? ஒன்பது வருடமாகத் தாய்வீட்டில் இருக்கும் தம்பி மனைவிக்கும் பங்கு போகுமா?

சகோதரி, முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. தீர்வை யார் கட்டுகிறார், அனுபவத்தில் யார் இருக்கிறார் என்பதற்கு அது ஆதாரம்தான், ஆனால் உரிமைப் பத்திரம் அல்ல. 1980-களில் யு.டி.ஆர். சர்வே, அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் வேலை, நடந்தபோது எத்தனையோ கூட்டுக் குடும்ப நிலங்கள் மூத்த மகன் பெயரில் மட்டும் ஏறின. அதனால் மட்டும் மற்றவர்களின் பங்கு போய்விடாது. பட்டாவைப் பார்த்து நீங்கள் இழந்த தூக்கத்தைத் திரும்பப் பெறலாம்.

‘மூன்றில் ஒரு பங்கு’ என்ற கணக்குத்தான் தப்பு. உங்கள் குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குள் வருவது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1979 பத்திரத்தில் என்ன சொல் இருக்கிறது?

‘அப்பாரு எழுதிக்கொடுத்தது’ என்பது போதாது. என்னவென்று எழுதிக்கொடுத்தார்? உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் போட்டு வாங்குங்கள். தலைப்போடு நிற்காமல் உள்ளே படியுங்கள். அப்பாரும் அவருடைய மகன்களும் சேர்ந்து, ‘நமக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு நாம் கூட்டாய் ஆண்டு அனுபவித்து வருகிற’ என்கிற மாதிரி எழுதி ஆளுக்கொரு பங்கு எடுத்திருந்தால், அது பாகப்பிரிவினை. (பிதுரார்ஜிதம் என்றால் முன்னோர் வழி வந்தது.) உங்கள் அப்பாவுக்கு வந்த 3.60 ஏக்கர் அவருடைய பிள்ளைகளைப் பொறுத்தவரை பூர்வீகச் சொத்து.

‘நான் சுயமாய்ச் சம்பாதித்துக் கிரயம் பெற்ற சொத்தை என் மகனாகிய உனக்கு அன்பின் பேரில்’ என்று எழுதியிருந்தால், அது தான செட்டில்மெண்ட். தகப்பன் தன் சுயசம்பாத்தியத்தை மகனுக்குக் கொடுத்தால், அது தானாகவே பூர்வீகம் ஆகிவிடாது. கொடுத்தவர் என்ன எண்ணத்தில் கொடுத்தார் என்று பத்திரத்தைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1953-லேயே சொல்லிவிட்டது. நம்மூரிலிருந்து போன அருணாசல முதலியார் வழக்கு அது. ‘பாட்டன் சொத்து பேரனுக்கு’ என்று ஊரில் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பாட்டன் வைத்திருந்ததெல்லாம் பூர்வீகம் அல்ல.

இந்த ஒரு சொல்லால் யாருக்கு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

தோட்டம் அப்பாவின் தனிச்சொத்து என்றானால், அப்பா உயில் எழுதாமல் இறந்த கணக்கில் முதல் வகுப்பு வாரிசுகள் எல்லாருக்கும் சமம். அம்மா ஒன்று, ஆத்தா ஒன்று, அண்ணன் ஒன்று, நீங்கள் ஒன்று, தம்பியின் கிளை ஒன்று, ஆக ஐந்து பங்கு. 360 சென்டில் பங்குக்கு 72 சென்ட். தம்பி கிளையின் 72-ஐ அவர் மனைவியும் மகனும் ஆளுக்கு 36 ஆகப் பிரித்துக்கொள்வார்கள்.

பூர்வீகம் என்றானால் கதை வேறு. அப்பா, அண்ணன், நீங்கள், தம்பி நால்வருக்கும் பிறப்பாலேயே ஆளுக்குக் கால் பங்கு. நம் பக்கத்துச் சட்டப்படி மனைவிக்கு இதில் பிறப்புரிமை இல்லை. இறந்தவரின் பங்கிலிருந்துதான் வரும். அப்பாவின் கால் பங்கு மேலே சொன்ன ஐந்து பேருக்குப் போகிறது. தம்பி அப்பாவுக்கு முன்பே இறந்ததால், அவருடைய சொந்தப் பங்கில் ஒரு துண்டு பெற்றவள் என்ற முறையில் உங்கள் அம்மாவுக்கு வருகிறது. வழிக்கணக்கை விட்டுவிட்டு விடையை மட்டும் தருகிறேன்: அண்ணன் 108 சென்ட், நீங்கள் 108 சென்ட், தம்பியின் மனைவியும் மகனும் சேர்ந்து 93 சென்ட், அம்மா 33 சென்ட், ஆத்தா 18 சென்ட்.

பூர்வீகம் என்று நிரூபித்தால் உங்களுக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கு 36 சென்ட் கூடுகிறது. அம்மாவுக்கு 72 இருந்த இடத்தில் 33 ஆகிறது. கடிதம் முழுக்க ‘பூர்வீகச் சொத்து, பூர்வீகச் சொத்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது அம்மாவின் பங்கைப் பாதிக்குக் கீழே இறக்கும் வாதம் என்று தெரிந்துதான் எழுதினீர்களா என்று தெரியவில்லை. பெரும்பாலான மகள்களுக்குத் தெரிவதில்லை, வக்கீல்களும் எடுத்துச் சொல்வதில்லை.

காட்டு நிலத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை. அப்பா கிரயம் வாங்கியது, ஐந்து பங்கு, பங்குக்கு 48 சென்ட். ‘தோட்டத்து வருமானத்தில்தான் வாங்கினார், அதுவும் கூட்டுச் சொத்து’ என்று அண்ணன் வாதாடலாம். பூர்வீகத்திலிருந்து காடு வாங்கும் அளவுக்கு மிச்சம் இருந்தது என்று முதலில் அவர் காட்ட வேண்டும். வீடும் அதே ஐந்து பங்குதான். வீட்டில் பாகம் கேட்க மகளுக்கு முன்பு இருந்த தடை 2005-ல் நீங்கிவிட்டது. ஆனாலும் அம்மாவும் ஆத்தாவும் இருக்கிற வரை வீட்டில் கை வைக்காதீர்கள். இது சட்டம் அல்ல, என் அபிப்பிராயம்.

ஆத்தாவை யாரும் எண்ணவில்லை

மகன் இறக்கும்போது தாய் உயிரோடு இருந்தால், அவளும் மனைவி, மக்களோடு சமமாக நிற்கும் முதல் வகுப்பு வாரிசு. (தகப்பன் அந்த வகுப்பில் இல்லை, அது வேறு கதை.) அண்ணன் வாங்கிய வாரிசுச் சான்றில் ஆத்தா பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தம்பி மனைவி, மகன் பெயர்களையும் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் வட்டாட்சியரிடம் திருத்தத்துக்கு மனுப் போடலாம், அதற்கு மேல் கோட்டாட்சியர் இருக்கிறார். அந்தச் சான்று யார் யார் வாரிசு என்றுதான் சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது.

இதில் உங்கள் அண்ணன் யோசித்திருக்கவே மாட்டாத ஒன்று உண்டு. ஆத்தா தன் பங்குக்கு முழு உரிமைக்காரி. அவர் எதுவும் எழுதி வைக்காமல் கண் மூடினால், அந்தப் பங்கு உங்கள் வீட்டோடு நிற்காது. அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும், அதாவது உங்கள் சித்தப்பாவுக்கும் அத்தைகளுக்கும் போகும், இறந்த மகனுக்காக அவருடைய பிள்ளைகளான அண்ணனுக்கும் உங்களுக்கும் கொஞ்சம் வரும். நாளைக்குப் பாகப் பத்திரத்தில் அத்தை வீட்டார் அத்தனை பேரும் வந்து கையெழுத்துப் போட வேண்டிவரும். பாகம் பேசுவதென்றால் ஆத்தா நினைவோடு இருக்கும்போதே பேசுங்கள். அதற்காக 96 வயதுக்காரரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பெருவிரல் வைக்கச் சொல்லும் வேலையும் வேண்டாம். அப்படி வாங்கிய பத்திரங்கள் நீதிமன்றத்தில் என்ன பாடுபடும் என்பதைப் பார்த்தவன் நான்.

தம்பி குடும்பம்

“அவ போனவ போனவதான்” என்று உங்கள் வீட்டில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தாய்வீட்டுக்குப் போனதால் எந்த மருமகளுக்கும் உரிமை போவதில்லை. இறந்த மகனின் மனைவியும் மகனும் முதல் வகுப்பு வாரிசுகள். அண்ணன் உங்களைப் பற்றிச் சொல்வது உங்களுக்கு எப்படிச் சுடுகிறதோ, அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் கேட்டதும் அதே சூடுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பையன் மைனர். அவன் பங்கை அவனுடைய அம்மாவே ஆனாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது. மீறி எழுதினால், 18 வயது முடிந்து மூன்று வருடத்துக்குள் அவன் அதை ரத்து செய்யக் கேட்கலாம். ஆகையால், அண்ணன் உங்களையும் அந்தப் பெண்ணையும் தனித்தனியாகச் சரிக்கட்டி முடித்துவிடலாம் என்று நினைத்தால் அது முடியாத காரியம். தம்பி மனைவியோடு நீங்கள் பேசுவது உங்களுக்கும் பலம்.

அண்ணன் சொல்லும் நான்கும்

‘89-க்கு முன்பு கல்யாணம்’ என்பதை அவர் சும்மா சொல்லவில்லை. தமிழ்நாடு 1989-ல் தனியாக ஒரு திருத்தம் கொண்டுவந்து மகள்களுக்குப் பூர்வீகத்தில் பிறப்புரிமை கொடுத்தது. நாட்டின் முன்னோடிச் சட்டங்களில் ஒன்றுதான், ஆனால் அந்த வருடம் மார்ச் 25-க்கு முன்பு கல்யாணமானவர்களை வெளியே நிறுத்தியது. நீங்கள் ஒரு வருடத்தில் தப்பவிட்டீர்கள். அந்தப் பழைய பேச்சு இன்னும் ஊரில் ஓடுகிறது. 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் கல்யாணக் கணக்கே இல்லை. அதற்குப் பிறகும், அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று ஒரு குழப்பம் இருந்தது. வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் அதையும் தீர்த்துவிட்டது. மகளுக்கும் உரிமை பிறப்பால் வருவது, அப்பா உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமில்லை. உங்கள் அப்பா 2021 வரை இருந்தவர் என்பதால் அந்தச் சந்தேகமே உங்களுக்கு இல்லை.

35 பவுனும் சீரும் பாகத்தில் கழியாது. கல்யாணத்துக்குப் போட்டது பங்குக்கு ஈடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பேச்சுவார்த்தையில் அண்ணன் அதைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்த நகைக்காக அவரும் சேர்ந்து பாடுபட்டிருப்பார்.

கூர்ச்சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் அலுவலகத்துக்கு மாதம் ஒன்றாவது வரும். நாலாக மடித்து மடித்து மடிப்புக்கோட்டில் கிழிந்த தாள், ‘கீழ்புறம் வேப்பமரம் முதல் கிணற்று மேடு வரை மூத்தவன் பாகம்’ என்று ஊர்ப் பெரியவர் எழுதியது, கீழே நாலு கையெழுத்து. எழுதினவர்கள் நேர்மையாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் 2005 திருத்தம் மகளின் உரிமைக்கு எதிராக ஏற்றுக்கொள்வது, 2004 டிசம்பர் 20-க்கு முன்பு பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினையை, அல்லது நீதிமன்றத் தீர்ப்பால் நடந்த பாகத்தை. வாய்ப்பேச்சில் பிரித்தோம் என்பதை, பொது ஆவணங்கள் வலுவாகத் துணை நின்றால் மட்டும், அபூர்வமாக ஏற்கலாம் என்கிறது வினீதா சர்மா தீர்ப்பு. 1998-க்குப் பிறகும் 2022 வரை பட்டா அப்பா பெயரிலேயே இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போதே பிரித்திருந்தால் ஏன் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கவில்லை என்ற கேள்விக்கு அண்ணன் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பழைய கிஸ்து (நிலத்தீர்வை) ரசீதுகள் அம்மாவின் பெட்டியில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

உயில் விஷயத்தில்தான் நீங்கள் கொஞ்சம் அலட்சியமாக இருக்கிறீர்கள். ‘பதிவு செய்யாத உயில், செல்லாதுதானே’ என்று கேட்டிருக்கிறீர்கள். செல்லும். உயிலுக்கு முத்திரைத்தாளும் வேண்டாம், பதிவும் வேண்டாம். அப்பா கையெழுத்தும், குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் முறைப்படி இருந்தால் போதும். சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்தால் அவரைக் கூண்டில் ஏற்றி நிரூபிக்க வேண்டும், சந்தேகங்களைப் போக்கும் பொறுப்பு உயிலை நீட்டுபவருடையது. அது உண்மையான உயிலாக இருந்தால் காட்டு நிலம் முழுவதும் கைவிட்டுப் போகலாம். தோட்டம் தனிச்சொத்து என்றானால் அதுவும் போகலாம். பூர்வீகம் என்றானால் அப்பாவின் கால் பங்குக்கு மட்டுந்தான் அவர் உயில் எழுத முடியும், உங்கள் கால் பங்கைத் தொட முடியாது. அம்மாவுக்குக் குறைகிறது என்று மேலே சொன்ன அதே பூர்வீக வாதம் இங்கே உங்களைக் காப்பாற்றுகிறது. அதனால் எந்த வாதத்தை எடுப்பது என்பதை உயிலைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். வில்லங்கச் சான்றில் உயில் வராது. பதிவு செய்த உயிலா என்று அப்பாவின் இறப்புச் சான்றோடு போய்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

இப்போது என்ன செய்வது

முதலில், 5 லட்சத்துக்கான விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘சும்மா சாட்சிக் கையெழுத்துத்தான்’ என்று கூப்பிட்டாலும் படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். பதிவான விடுதலையைப் பிறகு உடைப்பது லேசான காரியம் அல்ல. காசாக வாங்கிக்கொள்வதே உங்கள் விருப்பம் என்றால் அதில் தப்பில்லை. 57 வயதில் பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்து பண்ணையம் பார்க்க முடியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் சென்ட் எவ்வளவு, அங்கே இன்றைக்குச் சென்ட் என்ன விலை என்று இரண்டும் தெரிந்த பிறகு பேசுங்கள். பணம் வங்கி வழியாக வரட்டும், தொகை பத்திரத்தில் ஏறட்டும்.

பேசி முடிந்தால் பதிவு செய்த பாகப்பிரிவினைதான் நல்லது. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. நிலத்தைக் கோடு போட்டுப் பிரிப்பது சுலபம், கிணற்றைப் பிரிப்பதுதான் கஷ்டம். ஒரு கிணறு, ஒரு இலவச மின் இணைப்பு, ஐந்து பங்கு. யாருக்கு எந்தக் கிழமை முறை, மோட்டார் பழுதானால் செலவு எப்படி, வாய்க்கால் யார் நிலம் வழியாக வரும், வண்டித்தடம் எத்தனை அடி அகலம் என்பதையெல்லாம் பத்திரத்திலேயே எழுதுங்கள். ‘மாமூல் தட பாத்தியம் உண்டு’ என்ற ஒற்றை வரியால் பத்து வருடம் கோர்ட்டுக்கு நடந்தவர்கள் உண்டு. பயிர்க்கடனையும் மறக்க வேண்டாம். வந்த சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு, ஆனால் எல்லாரும் பொறுப்பு.

அண்ணன் உட்கார்ந்து பேசவே மறுத்தால், வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது தீர்ப்புக்குச் சமம். அதுவும் ஆகவில்லை என்றால் பாக வழக்கு. முதலில் யாருக்கு எவ்வளவு என்று முதல்நிலைத் தீர்ப்பு, பிறகு நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனர் வந்து அளந்து இறுதித் தீர்ப்பு. வருடங்கள் ஆகும் என்பதை மறைக்க மாட்டேன். கூட்டு வாரிசு ஒருவர் அனுபவித்தால் அது எல்லாருக்காகவும் அனுபவிப்பதுதான் என்பதால் உங்கள் உரிமை சட்டென்று காலாவதியாகாது. ஆனால் ‘உனக்குப் பங்கே இல்லை’ என்று அவர் வெளிப்படையாக மறுத்துவிட்ட நிலையில் வருடக்கணக்காகத் தள்ளிப்போடாதீர்கள். நடுவில் வெளியாளுக்கு விற்றால் வாங்கியவருக்கு அண்ணன் பங்கு மட்டுமே போகும். வாரிசாக வந்த பங்கை ஒருவர் விற்க வரும்போது முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை மற்ற வாரிசுகளுக்கு உண்டு, விவசாய நிலத்துக்கும் அது பொருந்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அப்புறம் அம்மா. ‘எல்லாத்தையும்’ எழுதிவைக்க அவரால் முடியாது, தன் பங்கை மட்டும் முடியும். அதையும் இப்போதே செட்டில்மெண்டாக எழுதி வாங்காதீர்கள். உங்களை நம்பாமல் சொல்லவில்லை. கணவனை இழந்தவர், கையில் நிலம் இருக்கிற வரைதான் அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மதிப்பு. உங்களுக்குத்தான் தர வேண்டும் என்றால் உயில் எழுதட்டும், மனம் மாறினால் மாற்றி எழுதட்டும்.

1979 பத்திரத்தின் நகல் வந்ததும், சொத்து விவரத்துக்கு முன்னால் இருக்கும் பாராவில் ‘பிதுரார்ஜிதம்’ என்று இருக்கிறதா, ‘சுயார்ஜிதம்’ (தானே சம்பாதித்தது) என்று இருக்கிறதா என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எழுத்து புரியவில்லை என்றால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர் கையெழுத்து எனக்குப் பழக்கம்தான்.